பிபிசி போன்ற ஊடகங்களுக்குச் சமூக ஊடகங்கள் 'அரசு நிதி பெறும் ஊடகம்' என்று லேபிள் ஒட்டுவது சரியா?

லேபிள் ஒட்டட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் யார் காசு தருகிறார்கள் என்பதை மட்டும் எழுதிவிட்டு, ஒரு செய்தியைப் போடாதே என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது என்பதை விட்டுவிட்டால் அது பாதித் தகவல்தான்.

2023 ஏப்ரலில் ட்விட்டரில் நடந்த கூத்து நினைவிருக்கிறதா? அமெரிக்காவின் என்பிஆர் வானொலிக் கணக்கில் ஒரு நாள் திடீரென்று 'அரசு சார்பு ஊடகம்' என்ற முத்திரை விழுந்தது. ரஷ்யாவின் ஆர்டி, சீனாவின் சின்ஹுவா போன்ற அரசு ஊடகங்களுக்கு 2020 முதல் இருந்த அதே முத்திரை. இத்தனைக்கும், அரசு நிதி பெற்றாலும் ஆசிரியர் குழு சுதந்திரமாக இயங்கும் பிபிசி, என்பிஆர் போன்றவை இதில் சேராது என்று ட்விட்டரின் விதியிலேயே எழுதியிருந்தது. முத்திரை விழுந்த சூட்டோடு விதியில் இருந்த என்பிஆர் பெயர் மட்டும் காணாமல் போனது! என்பிஆரின் ஆண்டு பட்ஜெட்டில் மத்திய அரசிடமிருந்து நேரடியாக வந்தது 1 சதவீதத்துக்கும் குறைவு. (உள்ளூர் நிலையங்கள் வழியாகச் சுற்றி வந்த பணம் தனிக் கணக்கு.)

எதிர்ப்பு வந்ததும் 'அரசு நிதி பெறும் ஊடகம்' என்று மாற்றினார்கள். என்பிஆர் சமாதானமாகவில்லை, ட்விட்டரில் இனி எழுதப்போவதில்லை என்று கிளம்பிவிட்டது. பிபிசிக்கும் அதே லேபிள் வந்து, சில நாட்களில் 'பொது நிதி பெறும் ஊடகம்' ஆனது. அதிலும் ஒரு விசித்திரம்: லேபிள் விழுந்தது பிபிசியின் பொதுக் கணக்கில், செய்திக் கணக்குகளில் இல்லை.

கனடாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான சிபிசியின் கதை இன்னும் மோசம். எதிர்க்கட்சித் தலைவர் பியர் பொய்லியெவ்ர் அதற்கும் லேபிள் ஒட்டுங்கள் என்று ட்விட்டருக்குக் கடிதமே எழுதினார். லேபிள் வந்தது. எங்களுக்கு அரசிடமிருந்து வருவது 70 சதவீதத்துக்கும் குறைவு என்ற விளக்கம் வந்ததும், ட்விட்டர் முதலாளி எலான் மஸ்க் அதை '70% அரசு நிதி' என்று மாற்றி, அப்புறம் '69%' ஆக்கினார் (இணையத்தில் 69 ஒரு ஆபாச ஜோக்). வாசகருக்குத் தகவல் தரும் வேலை அந்த இடத்தில் விடலை விளையாட்டாகிவிட்டது. அதே மாதம் இந்த லேபிள்கள் எல்லாமே ஒட்டுமொத்தமாக நீக்கப்பட்டன, ஆர்டி, சின்ஹுவா மேலிருந்தவையும் சேர்த்து. உண்மையில் பயன்பட்டுக்கொண்டிருந்ததும் போயிற்று.

அப்போது ஒரு நண்பர் பிபிசி லேபிளின் ஸ்கிரீன்ஷாட்டை எனக்கு அனுப்பி, "பாத்தியா, அரசாங்க ஊடகம்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க" என்றார். அவங்க எங்கே ஒத்துக்கொண்டார்கள்? பிபிசியின் உள்நாட்டுச் சேவைக்குப் பெரும்பணம் டிவி பார்ப்பதற்காக பிரிட்டன் குடும்பங்கள் செலுத்தும் உரிமக் கட்டணத்திலிருந்து வருகிறது, அப்போது வருடத்துக்கு 159 பவுண்டு. சரி, நண்பர் சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு. அந்தத் தொகையை நிர்ணயிப்பது அரசுதான். 2022-ல் அதை இரண்டு வருடத்துக்கு உயர்த்தாமல் முடக்கியதும் அரசுதான். பிபிசி தமிழ் இருக்கும் உலக சேவைக்கு வெளியுறவுத் துறையின் பணமும் போகிறது.

ஆனால் பணத்தைவிடப் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. லேபிள் சண்டை நடந்த அதே ஏப்ரல் கடைசியில் பிபிசி தலைவர் ரிச்சர்ட் ஷார்ப் பதவி விலகினார். பிரதமராக இருந்த போரிஸ் ஜான்சனுக்கான 8 லட்சம் பவுண்டு வரையிலான கடன் விவகாரத்தில் தனக்கு இருந்த பங்கை, நியமனத்தின்போது அவர் முழுமையாக வெளிப்படுத்தவில்லை என்று விசாரணை அறிக்கை சொன்னது. பிபிசி தலைவர் அரசின் பரிந்துரையில்தான் நியமிக்கப்படுகிறார். நிதி பற்றிய எந்த லேபிளிலும் இது தெரியாது. தங்கள் தலைவர் விலகிய செய்தியை பிபிசி செய்தியாளர்களே நாள் முழுக்கச் சொன்னதும் தெரியாது.

ஃபேஸ்புக் 2020-ல் கொண்டுவந்த முறை எனக்குக் கொஞ்சம் பரவாயில்லை என்று படுகிறது. அங்கே வார்த்தை 'அரசுக் கட்டுப்பாட்டில் உள்ள ஊடகம்'. பணம் வருகிறதா என்பதோடு நிற்காமல் உரிமை யாருடையது, நிர்வாகம் எப்படி, ஆசிரியர் குழுவுக்கு என்ன பாதுகாப்பு என்றெல்லாம் பார்த்துத்தான் ஒட்டுகிறோம் என்றார்கள். மேல்முறையீட்டுக்கும் வழி வைத்தார்கள். யூடியூப் 2018 முதல் வீடியோவுக்குக் கீழே சின்னப் பட்டை வைக்கிறது. அல் ஜசீராவுக்குக் கீழே கத்தார் அரசின் நிதியை முழுமையாகவோ பகுதியாகவோ பெறுவது என்றிருக்கும். பிபிசிக்குக் கீழே பிரிட்டனின் பொது ஒலிபரப்புச் சேவை என்றிருக்கும். இரண்டுக்கும் ஏன் வேறு வார்த்தை என்று அந்தப் பட்டை சொல்வதில்லை. அதிலேயே விக்கிபீடியா இணைப்பு ஒன்று இருக்கும். அதைத் தட்டி, தலைவரையும் நிர்வாகக் குழுவையும் யார் நியமிக்கிறார்கள், யார் நீக்க முடியும் என்ற பகுதியை மட்டும் படியுங்கள். இரண்டு நிமிடம்கூட ஆகாது.