விபத்து என்ற சொல்

அன்புள்ள ஐயா,

லண்டனில் நண்பரோடு ஒரு யூத இடுகாட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய பெரிய தாத்தாவின் கல்லில் தாவீதின் நட்சத்திரம். கீழே ‘ஏர் டிரான்ஸ்போர்ட் ஆக்சிலரி, விமான விபத்தில் இறந்தார்’ என்று இருந்தது. “சண்டை போட்டவர் இல்லையே, விமானத்தைக் கொண்டுபோய் விடுகிறவர்தானே?” என்று கேட்டுவிட்டேன். நண்பர் முகம் வாடிவிட்டது. நான் கேட்டது தவறா? அடுத்த முறை பூ கொண்டுபோகலாமா?

வாசகர், லண்டன்

அன்புள்ள நண்பருக்கு,

தெரியாமல் கேட்டது தவறில்லை. ஆனால் அந்தத் ‘தானே’ என்னையும் உறுத்தியது.

இரண்டாம் உலகப் போரின்போது தொழிற்சாலையிலிருந்து பிரிட்டிஷ் விமானப்படைத் தளத்துக்கு விமானத்தை ஓட்டிப்போவதுதான் ஏர் டிரான்ஸ்போர்ட் ஆக்சிலரி விமானிகளின் வேலை. ரேடியோ கிடையாது. மேகத்துக்குள் கருவிகளை நம்பிப் பறக்கும் பயிற்சியும் பெரும்பாலானோருக்கு இல்லை. ரயில் பாதையையும் ஆற்றையும் பார்த்தபடி தாழ்வாகவே போக வேண்டும். காலையில் ஸ்பிட்ஃபயர் போர் விமானம் என்றால், மத்தியானம் அதுவரை தொட்டே பார்க்காத இரட்டை எஞ்சின் விமானம். துணைக்கு வளையத்தில் கோத்த சின்ன அட்டைகள். எந்த வேகத்தில் எழும்ப வேண்டும், எந்த வேகத்தில் இறங்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைப் படித்துவிட்டுத்தான் கிளம்புவார்கள்.

மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் இப்படிப் போய்ச் சேர்ந்தன. 170-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த ஏமி ஜான்சன்கூட 1941 ஜனவரி 5 அன்று, பிளாக்பூலிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் கொண்டுபோன விமானத்தோடு வழி தவறி, தேம்ஸ் கழிமுகத்தில் விழுந்தார். உடல் கிடைக்கவே இல்லை. அவ்வளவு அனுபவசாலிக்கே அந்த வானம் இடம் கொடுக்கவில்லை.

அதனால் அந்தக் கல்லில் இருக்கும் ‘விபத்து’ நம் சாலை விபத்து மாதிரி இல்லை. எந்த நாளும் அது நடக்கலாம் என்று தெரிந்தே மறுநாளும் போனார்கள். அதுவும் அவர் யூதர். கடலுக்கு அந்தப் பக்கம் தன் மக்களை ரயிலேற்றிச் சாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த நாஜிகளை எதிர்க்க, தன் கையால் ஒரு விமானத்தைக் கொண்டுசேர்ப்பது அவருக்கு வெறும் வேலையாக இருந்திருக்காது. எனக்கு அவர் போர் வீரர்தான்.

அப்புறம் பூ. யூதர்கள் கல்லறையில் பெரும்பாலும் பூ வைப்பதில்லை, சிறு கல் ஒன்றை வைப்பார்கள். தாத்தாவின் கல்லறைக் கல்லின் அடிப்பகுதியில் ஐந்து எபிரேய எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘அவர் ஆன்மா உயிருள்ளோரின் கட்டுக்குள் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கட்டும்’ என்பதன் சுருக்கம் அது. நண்பரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எனக்காகவும் ஒரு கல் வையுங்கள்.