ஜெர்மன் பி2 பாஸ், ஆனால் பாடநூல் புரியவில்லை. என்ன செய்வது?

கேள்வி: ஜெர்மன் மொழியில் பி2 (மேல் இடைநிலை) தேர்வு முடித்துவிட்டேன். ஜெர்மனியில் மேலாண்மைப் படிப்பை ஜெர்மன் வழியிலேயே படிக்க ஆசை. பாடநூலில் ஒரு பத்தியைக்கூடத் தாண்ட முடியவில்லை. எங்கே தவறு?

தவறு உங்களுடையது அல்ல. பி2 வரை சொல்லித்தருவது பெரும்பாலும் பேச்சு ஜெர்மன். ஜெர்மன் வழிப் படிப்புக்குப் பல்கலைக்கழகங்கள் வழக்கமாகக் கேட்பது டெஸ்ட்டாஃப் தேர்வின் நான்கு பகுதிகளிலும் 4-ஆம் நிலை, அல்லது அவையே நடத்தும் டிஎஸ்எச் தேர்வில் 2-ஆம் நிலை. அங்கே வருவது வேறு நடை. "விலை ஏறியதால் மக்கள் குறைவாக வாங்கினார்கள்" என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். பாடநூலில் அதுவே "விலையேற்றத்தின் விளைவாக நுகர்வில் வீழ்ச்சி" என்று வரும். வினையெல்லாம் பெயராகி உறைந்து கிடக்கும்.

இந்த இடத்தில் நம்மவர்கள் செய்யும் பெரிய பிழை, ஆங்கிலம் வழியாகப் போவது. "டி இம் லெட்ஸ்டன் யார் கெஷ்டீகெனென் கோஸ்டன்" என்ற தொடரை ஆங்கிலத்தில் யோசித்தால் தலைகீழாகப் பிரிக்க வேண்டும். தமிழில் யோசியுங்கள்: "சென்ற ஆண்டில் உயர்ந்த செலவுகள்". முதலில் நிற்கும் "டி" என்ற சுட்டுச்சொல்லை விட்டுவிட்டால் வரிசை அப்படியே ஒன்று. பள்ளியில் படித்த பெயரெச்சம்தான் இது. துணை வாக்கியத்தில் வினை கடைசிக்குப் போவதும் நமக்குப் பழகியதே. கூட்டுச்சொல்லிலும் கடைசிச் சொல்தான் தலை: உம்ஸாட்ஸ் (விற்பனை) "டேர்", அதாவது ஆண்பால்; ஷ்டொயர் (வரி) "டி", அதாவது பெண்பால்; ஆகவே உம்ஸாட்ஸ்ஷ்டொயர் "டி". விற்பனை வரி என்பது ஒரு வகை வரிதானே.

தேர்வில் வரைபடத்தை விளக்கும்போது மதிப்பெண் போகும் இடம் "உம்", "அவுஃப்" என்ற இரண்டு சொற்கள். பங்கு 20 சதவீதத்திலிருந்து 25 ஆனால், "அவுஃப் 25 சதவீதம்" (25 ஆக உயர்ந்தது), "உம் 5 சதவீதப் புள்ளி" (5 புள்ளியால் உயர்ந்தது). "அவுஃப்" என்றால் ஆக, "உம்" என்றால் ஆல் என்று நினைவில் வைத்தால் போதும். "உம் 5 சதவீதம்" என்று எழுதினால் விடை 21 ஆகிவிடும்.

பயிற்சி: உங்கள் பாடத்திலிருந்தே நாளுக்கு 100 சொல் அளவில் ஒரு பத்தி. முதல் நாள் ஒவ்வொரு பெயர்த்தொடரையும் "ஏனென்றால்", "பிறகு" போட்டு வினை வாக்கியமாகப் பிரித்து எழுதுங்கள். மறுநாள் மூலத்தைப் பார்க்காமல், பிரித்ததை மீண்டும் பெயர்த்தொடராக மடக்குங்கள். வேற்றுமையும் பாலும் எங்கே சறுக்குகின்றன என்பது மடக்கும்போதுதான் தெரியும். வாசித்துக்கொண்டே போனால் தெரியாது. சொற்பட்டியல் மனப்பாடத்தை இதற்கு அடுத்துதான் வைப்பேன்.

அலுவலகக் கடிதத்துக்கு இலக்கணம் கொஞ்சம் போதும், மரபு முக்கியம். பெண்ணுக்கு எழுதினால் "ஸேர் கெயேர்ட்டெ ஃப்ராவ்" (மதிப்பிற்குரிய திருமதி) என விளித்து, குடும்பப் பெயருக்குப் பின் கால்புள்ளி. அடுத்த வரி சிறிய எழுத்தில் தொடங்கும். முடிவில் வரும் "மிட் ஃப்ராய்ன்ட்லிஹென் க்ரூஸன்" (அன்பான வணக்கங்களுடன்) பின்னால் கால்புள்ளி கிடையாது. "இஹ் வில்" (எனக்கு வேண்டும்) என்று கேட்டால் அதட்டுவதுபோல இருக்கும். "க்யோன்டன் ஸீ" (உங்களால் முடியுமா) போடுங்கள்.

எண்களில் கவனம். 1.250,50 என்றால் ஆயிரத்து இருநூற்று ஐம்பதரை. மில்லியார்டெ நூறு கோடி; பில்லியோன் லட்சம் கோடி, ஆங்கில பில்லியன் அல்ல. "எவென்டுவெல் திங்கள்கிழமை அனுப்புகிறோம்" என்று பதில் வந்தால், ஆங்கில "ஈவென்சுவலி" என்று நினைத்து "கடைசியில் அனுப்பிவிடுவார்கள்" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அனுப்பினாலும் அனுப்பலாம், அவ்வளவுதான். "ஹால்ப் டிரை"க்கு (சொல்லுக்குச் சொல் "அரை மூன்று") கூட்டம் என்றால் இரண்டரை மணி. மூன்றரைக்குப் போனால் அறை காலியாக இருக்கும்.