குடல் தந்தியும் நோரிங்டனின் பிடிவாதமும்

கேள்வி: 2025 ஜூலையில் மறைந்த பிரிட்டிஷ் ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநர் ரோஜர் நோரிங்டனைப் பலரும் கொண்டாடுகிறார்கள். வால்வு இல்லாத ஹார்ன், ஆட்டுக்குடல் தந்தி பூட்டிய வயலின் என்று காலாவதியான கருவிகளை வைத்துக்கொண்டு பேத்தோவனை விரட்டி விரட்டி வாசித்தவர்தானே அவர்? நல்ல கருவிகள் வந்துவிட்ட பிறகு மட்டமானதைத் தேடிப் போவதில் என்ன பெருமை?
– வாசகர், திருச்சி

பதில்: ‘மட்டமான’ என்ற சொல்லை முதலில் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். விரலால் அழுத்திக் குழாயின் நீளத்தை மாற்றும் வால்வுக்குக் காப்புரிமை பதிவானது 1818இல். அதற்கு முன்பே பேத்தோவன் எட்டு சிம்பொனிகளை எழுதி முடித்துவிட்டார். அவர் அறிந்த ஹார்ன் வெறும் சுருட்டிய குழாய். எந்த சுருதிக்கான குழாய்த் துண்டைச் செருகுகிறார்களோ அதன் இயற்கை ஸ்வரங்கள் மட்டும் தானாக வரும். மற்றவற்றை ஹார்னின் வாய்க்குள் வலக்கையை நுழைத்து அடைத்துத்தான் எடுக்க வேண்டும். திறந்த ஸ்வரம் கணீரென்று இருக்கும். அடைத்தது மூக்கடைத்த குரல்போல மங்கும், ஓங்கி ஊதினால் கீறும். அவர் இதையெல்லாம் கணக்கில் வைத்தே எழுதினார். மூன்றாம் சிம்பொனியின் முதல் பகுதியில் முதல் ஹார்னுக்கு எஃப் சுருதியில் ஒரு தனி வரி வருகிறது. ஈ-ஃப்ளாட் துண்டைக் கழற்றி எஃப் துண்டை மாட்ட அவகாசம் விட்டே அதை எழுதியிருக்கிறார். வால்வு வந்ததும் எல்லா ஸ்வரமும் ஒரே நிறத்தில் ஒலிக்கத் தொடங்கின. வாசிப்பவருக்கு வசதி கூடியது, அந்த நிறபேதம் போயிற்று.

ஒலிச் சமநிலையும் அப்படித்தான். இன்றைய ட்ரம்பெட்டும் ட்ராம்போனும் முழுக்குரலில் ஊதினால் ஓபோ, பஸூன் போன்ற மரக்குழல்கள் காணாமல் போகும். அதனால் ‘மிக உரக்க’ என்று எழுதியிருக்கும் இடத்தில் பித்தளைக்காரர்களை அடக்கி வாசிக்கச் சொல்வது நடத்துநர்களின் வழக்கமாகிவிட்டது. பழைய ட்ரம்பெட் மெலிந்த குழாய், பிரகாசமான ஒலி. டிம்பனி என்ற முரசு சிறியது, கன்றுத்தோல் போர்த்தியது. மரக்குச்சியால் அடித்தால் சட்டென்று வெடித்து உடனே அடங்கும். இவற்றை முழு பலத்தோடு வாசித்தாலும் மரக்குழல்கள் கேட்கும்.

சிரமங்களும் கொஞ்சநஞ்சமல்ல. குடல் தந்தி காற்றின் ஈரத்துக்கும் மேடை விளக்கின் சூட்டுக்கும் சுருதி மாறும், ஒவ்வொரு பகுதி முடிந்ததும் மறுபடி சேர்க்க வேண்டியிருக்கும். மேல் தந்தி கச்சேரி நடுவில் அறுந்துபோகும். ஹார்னில் உச்சத்து இயற்கை ஸ்வரங்கள் மிக நெருக்கமாக இருப்பதால் உதடு இம்மி பிசகினாலும் பக்கத்து ஸ்வரம் வந்துவிடும். பேத்தோவன் காலத்து இசைக்கு இந்தக் குழுக்கள் வைத்துக்கொள்ளும் சுருதி சுமார் 430 ஹெர்ட்ஸ், இன்றையது 440. அரை ஸ்வரத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பங்கு வித்தியாசம். ஆகவே நவீனக் குழலை இரவல் வாங்கிச் சமாளிக்கவும் முடியாது.

அடுத்து, ‘விரட்டி விரட்டி’. வேகம் நோரிங்டனின் கற்பனையல்ல. முதல் எட்டு சிம்பொனிகளுக்கான மெட்ரோனோம் எண்களை, அதாவது நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்று அந்தக் கருவி காட்டும் வேக அளவை, 1817இல் வெளியிட்டவர் பேத்தோவன். ஒன்பதாவதற்கு 1826இல் கொடுத்தார். அந்த மெட்ரோனோமே பழுது என்று சொல்லி எண்களை ஒதுக்கிவிடுவது பல நடத்துநர்களுக்குப் பழக்கம். நோரிங்டன் லண்டன் கிளாசிக்கல் பிளேயர்ஸ் குழுவோடு 1980களின் பின்பாதியில் ஒன்பதையும் பதிவுசெய்தபோது எண்களை அப்படியே எடுத்துக்கொண்டார். ஒன்பதாவதின் மூன்றாம் பகுதி ஜெர்மானிய நடத்துநர் ஃபுர்ட்வெங்லர் 1951இல் பைராய்ட் நகரில் நடத்தியபோது 19 நிமிடத்துக்கு மேல் போனது. நோரிங்டனிடம் ஏறக்குறைய 11 நிமிடம். ஆனால் அதே சிம்பொனியின் கடைசிப் பகுதியில் டெனர் (உச்ச ஸ்தாயி ஆண்குரல்) பாடும் அணிவகுப்பு, எண் 84 என்பதால், மற்றவர்களைவிட மெதுவாகப் போகிறது. விரட்டுகிறவர் அங்கே ஏன் நிதானிக்க வேண்டும்? குடல் தந்தியில் ஸ்வரம் பட்டென்று பிறந்து சீக்கிரம் தேய்வதால் துரித காலத்திலும் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று குழம்புவதில்லை என்பதையும் கவனியுங்கள்.

நோரிங்டன் 1934இல் ஆக்ஸ்ஃபர்டில் பிறந்து, கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படித்து, பதிப்பகத்தில் வேலை பார்த்துவிட்டு இசைக்கு வந்தவர். 1962இல் ஷூட்ஸ் பாடகர் குழு, 1969 முதல் கென்ட் ஓபரா, 1978இல் லண்டன் கிளாசிக்கல் பிளேயர்ஸ். பாட்டிலிருந்து வந்ததால்தான் வாத்தியத்தையும் சொல் பிரித்து உச்சரிக்க வைத்தார் என்று நினைக்கிறேன்.

அவரிடம் நான் உடன்படாத இடம் ஒன்று உண்டு. நீங்கள் அதைக் கேட்டிருந்தால் நியாயமாக இருந்திருக்கும். 1998இல் ஷ்டுட்கார்ட் வானொலி ஆர்க்கெஸ்ட்ராவுக்குத் தலைமை ஏற்று, நவீனக் கருவிகளிலேயே அதிர்வில்லாத ‘தூய ஒலி’யைக் கொண்டுவந்தார். இடக்கை விரலை அசைத்து ஸ்வரத்தை நடுங்க வைக்கும் விப்ராட்டோ 1930கள் வரை ஆர்க்கெஸ்ட்ராக்களில் வழக்கமில்லை என்பது அவர் வாதம். சான்றுகள் அவ்வளவு ஒருமுகமாக இல்லை. ஒவ்வொரு ஸ்வரத்தையும் நடுங்க வைப்பவர்களை மோட்ஸார்ட்டின் தந்தையான வயலின் ஆசிரியர் லியோபோல்ட் மோட்ஸார்ட் 1756இல் கண்டிக்கிறார். கண்டிக்கும் அளவுக்கு அப்படி வாசித்தவர்கள் இருந்திருக்கிறார்கள். இத்தாலிய வயலின் கலைஞர் ஜெமினியானி 1751இல் விப்ராட்டோவை முடிந்தவரை அடிக்கடி பயன்படுத்தச் சொல்கிறார். தவிர, குடல் தந்திக்கு இயல்பாகவே ஒரு சொரசொரப்பு உண்டு. உலோகத் தந்தியில் விப்ராட்டோவை எடுத்துவிட்டால் அந்த வெற்றிடத்தை வில்தான் நிரப்ப வேண்டும்: ஒவ்வொரு ஸ்வரத்தையும் தொடங்கி, பருக்க வைத்து, தளர விட வேண்டும். அது பல வருடப் பயிற்சி கேட்கும் வேலை. ஷ்டுட்கார்ட்டில் அவருக்கு 13 ஆண்டுகள் இருந்தன. சில நாள் ஒத்திகையோடு நடத்தும் விருந்தினர் அதே கட்டளையை இட்டால் ஒலி மெலிந்துபோகும், சுருதி பிசகு ஒவ்வொன்றும் வெளியே தெரியும்.

ஆனால் முதல், இரண்டாம் வயலின்களை எதிரெதிரே உட்கார வைத்தது அசைக்க முடியாத வாதம். ஷ்டுட்கார்ட் குழுவோடு அவர் செய்த சாய்கோவ்ஸ்கி ஆறாம் சிம்பொனிப் பதிவின் கடைசிப் பகுதியை ஹெட்ஃபோனில் கேளுங்கள். தொடக்க மெட்டை எந்த ஒரு குழுவும் முழுதாக வாசிப்பதில்லை. ஒரு ஸ்வரம் இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று இரு வயலின் குழுக்களும் மாறி மாறித் தருகின்றன. எல்லா வயலின்களும் ஒரே பக்கம் உட்கார்ந்த பதிவில் இது காதில் விழாது.