அண்ணாச்சி பதில்கள்: உவரி மணலில் கிடைத்த இரும்புக் கட்டி

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். துபாயிலிருந்து லீவில் வந்தபோது மெட்டல் டிடெக்டர் ஒன்று கொண்டுவந்தேன். உவரி கப்பல் மாதா கோவிலுக்குத் தெற்கே, ஆடியில் கடல் மணலை அரித்துப்போன இடத்தில் மூன்று பொருள் கிடைத்தன. பச்சை பிடித்த, தட்டைத் தலை உள்ள சதுர ஆணி, ஒன்றரை அங்குலம். 'வி' எழுத்தின் இரண்டு கால்களிலும் வேறு எழுத்துகள் பின்னிய செப்புக் காசு. சிப்பியும் மணலும் ஒட்டிய, தேங்காய் அளவு இரும்புக் கட்டி. மூழ்கிய கப்பலில் இருந்தவையா? கட்டியை உடைத்துப் பார்க்கலாமா? விற்கலாமா?
– ஒரு வாசகர், திசையன்விளை

பதில்: தம்பி, உடைக்காதீர்கள். முதலில் கட்டியை ஒரு பிளாஸ்டிக் வாளியில் நல்ல தண்ணீர் விட்டு முழுக்க மூழ்கப் போட்டுவிட்டு வந்து மிச்சத்தைப் படியுங்கள்.

எனக்குப் பதினாலு வயதில் பெரியதாழைக் கரையில் இதே மாதிரி ஒரு கட்டி கிடைத்தது. காயட்டும் என்று மச்சில் வைத்தேன். ஒரு மாதத்தில் ஏடு ஏடாகப் பிளந்து செம்பொடியாக உதிர்ந்துவிட்டது. உள்ளே என்ன இருந்தது என்று பார்க்கவே முடியாமல் போனது இன்றும் மனதை உறுத்துகிறது.

கடலில் கிடக்கும் இரும்புக்குள் உப்பு ஊறிவிடும். துருவோடு மணல், சிப்பி, சுண்ணாம்பு எல்லாம் சேர்ந்து மேலே ஓடு கட்டும். ஈரம் இருக்கும்வரை தாங்கும். காய்ந்தால் உள்ளே உப்பு படிகமாகி, காற்றும் பட்டு, பிளந்துவிடும். சில கட்டிகளில் இரும்பு முழுக்கக் கரைந்துபோய் வெறும் பொந்துதான் மிஞ்சும். அந்தப் பொந்து பழைய பொருளின் அச்சு. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, பொந்துக்குள் பிசின் ஊற்றி வடிவத்தை அப்படியே எடுத்துவிடலாம். சுத்தியலால் ஒரு அடி அடித்தால் அதுவும் போச்சு. வாளித் தண்ணீரில் லிட்டருக்கு 20 கிராம் சலவைச் சோடா போட்டு, அவ்வப்போது தண்ணீரை மாற்றுங்கள். காசையும் ஆணியையும் அதே வாளியில் போடாதீர்கள். செம்போடு சேர்ந்தால் இரும்பு இன்னும் வேகமாக அரிக்கும். புளி, எலுமிச்சை போட்டுக் காசைத் தேய்க்கவும் வேண்டாம். பளபளப்பு வரும், எழுத்து போய்விடும்.

நீங்கள் சொல்லும் எழுத்துப் பின்னல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை. 1726 முதல் அவர்கள் அடித்த 'டொய்ட்' என்ற செப்புக் காசில் அது இருக்கும், அடியில் வருஷமும் இருக்கும். ஆனால் காசு கிடைத்ததால் கப்பல் மூழ்கியது என்று ஆகாது. 1658-இல் போர்த்துகீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர்கள் நூறு வருஷத்துக்கு மேல் நம் கரையில் வியாபாரம் செய்தார்கள். யாரோ ஒருவர் மடியிலிருந்து விழுந்த காசாகவும் இருக்கலாம். சரக்காகப் போன காசு வேறு மாதிரி கிடைக்கும். சென்னை மாகாணத்துக்குப் பத்துக் காசு, இருபது காசு ஏற்றிய 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையருகே கூட்வின் மணல்திட்டில் மூழ்கியது. அந்தக் காசுகள் தேய்மானமே இல்லாமல், பீப்பாய்க்குள் மொத்தமாகக் கிடைத்தன. உங்கள் காசு கைபட்டுத் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எனக்கு ஆசை கிளப்புவது ஆணிதான். என் அப்பா தூத்துக்குடியில் தோணி கட்டிய ஓடாவி. அவர் அடித்ததெல்லாம் இரும்பு ஆணி. காந்தம் ஒட்டினால் அது தோணி ஆணியாக இருக்கலாம், அதுவும் நம் சரித்திரம்தான். பச்சை பிடித்திருப்பதால் ஒட்டாது என்றே நினைக்கிறேன். மரத்தைத் துளைக்கும் கப்பல்புழுவுக்குப் பயந்து கப்பலின் அடிப்பகுதிக்குச் செப்புத் தகடு போர்த்தும் வழக்கம் இருந்தது. பிரிட்டிஷ் கடற்படை 1779 முதல் தன் கப்பல்களுக்கெல்லாம் அப்படிச் செய்தது. தகட்டை அடித்தது இந்த மாதிரிக் குட்டை ஆணியால். 1832-க்குப் பிறகு செம்பும் துத்தநாகமும் கலந்த, மஞ்சள் பாய்ந்த உலோகம் புழக்கத்துக்கு வந்தது. ஆணியைச் சுரண்ட வேண்டாம். நிறத்தை அருங்காட்சியகத்தார் பார்த்துச் சொல்வார்கள். பக்கத்தில் தகட்டுத் துணுக்கு ஏதும் கிடந்ததா?

டிடெக்டர் ஓயாமல் கத்தியிருக்குமே. நம் கரை மணலில் இல்மனைட், மேக்னடைட் கலந்த கறுப்பு மணல் உண்டு, ஈர உப்பும் சேர்ந்துகொள்ளும். அந்தச் சத்தத்தை நம்பி இனிமேல் தோண்டாதீர்கள். கிடைத்த இடம் கலைந்துவிட்டால் பொருளின் பாதிக் கதை போய்விடும். அலைபேசியில் இடக்குறியீட்டைக் குறித்து, எவ்வளவு ஆழம் என்று எழுதி, பக்கத்தில் தீப்பெட்டி வைத்துப் படம் எடுங்கள்.

விற்கிற பேச்சு வேண்டாம் தம்பி. 1878-ஆம் வருஷப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்த புதையல் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நூறு வருஷம் தாண்டிய தொல்பொருளை உரிமம் இல்லாமல் விற்க முடியாது, துபாய்க்குக் கொண்டுபோகவும் முடியாது. கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு, பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்தில் காட்டுங்கள். கட்டியை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோங்கள்.

லீவு முடிவதற்குள் போய் வாருங்கள். காசின் மறுபக்கம் சிங்கம் உள்ள கேடயமா, அடியில் என்ன வருஷம் என்று எனக்கு எழுதுங்கள்.