புதன்கிழமை யார் தோற்க வேண்டும்?

நண்பரே, நீங்களும் என்னைப் போல அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தில் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் ரசிகர். 2024 ஏப்ரலின் ஃபிலடெல்ஃபியா–மயாமி பிளே-இன் ஆட்டத்தில் (பிளே-ஆஃபின் கடைசி இடங்களுக்கான தகுதி ஆட்டம்) யார் தோற்றால் நமக்கு நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். வென்றவர் முதல் சுற்றில் நியூயார்க்கைச் சந்திப்பார்; தோற்றவர், சிகாகோ–அட்லாண்டா ஆட்டத்தில் வென்றவரையும் தாண்டினால்தான் நம்மிடம் வருவார்.

என் ஓட்டு: மயாமி தோற்கட்டும். 2023 மே மாதம் கிழக்குப் பிரிவு இறுதித் தொடரில் மயாமியிடம் நாம் தோற்ற ஏழாவது ஆட்டம் உங்களை உறுத்துகிறது, புரிகிறது. முதல் தாக்குதலிலேயே நம் நட்சத்திரம் டேட்டமின் கணுக்கால் பிசகியது; நாம் தூரத்திலிருந்து எறிந்த 42 மூன்று புள்ளி எறிகளில் உள்ளே போனது வெறும் 9. ரிமோட்டை எங்கே வைத்தேன் என்று மறுநாள்தான் தேடினேன்! ஆனால் அப்போது நெட்டை வீரர் போர்சிங்கிஸ் நம்மிடம் இல்லை. மயாமி ஸோன் (ஆளை விட்டு இடத்தைக் காக்கும் தடுப்பு முறை) போட்டால், ஏழடியைத் தாண்டிய அந்த மனிதர் நடுவில் பந்தை வாங்கித் தலைக்கு மேலேயே எறிந்துவிடுவார். இந்த 2023–24 சீசனில் மயாமியோடு மூன்று முறை மோதி மூன்றிலும் நாம்தான் வென்றோம்; ஜனவரியில் அவர்கள் ஊரிலேயே 143–110.

ஃபிலடெல்ஃபியாவின் நட்சத்திரம் எம்பீட் கதை வேறு. முழங்கால் அறுவை முடிந்து இப்போதுதான் திரும்பியிருக்கிறார், சரி. அதற்காக அவரை முதல் சுற்றிலேயே வலியப்போய் அழைப்பானேன்? நியூயார்க் பார்த்துக்கொள்ளட்டும்.

சிகாகோவோ அட்லாண்டாவோ வந்தால் இன்னும் நிம்மதி.