ஏலக்காய்ச் சீட்டு எங்கே போனது?

அன்புள்ள அண்ணனுக்கு,

குமுளியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு பார்க்கிறேன். எடையை வாங்கிச் சீட்டு எழுத, சி மொழியில் எழுதிய பழைய புரோகிராம் ஒன்று இருக்கிறது. அதன் சோர்ஸ் கோட் எங்களிடம் இல்லை. தினமும் காலை 6 மணிக்கு அதை ஓட்டுவதற்குப் பைத்தானில் ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதி, குறித்த நேரத்தில் தானாக ஓட்டிவிடும் லினக்ஸ் கிரானில் போட்டேன். டெர்மினலில் நானே ஓட்டினால் சரியாக வருகிறது. கிரான் ஓட்டினால் பிழைச் செய்தி எதுவும் இல்லை, ஆனால் ஃபோல்டரில் சீட்டும் இல்லை. புரோகிராமின் முழுப் பாதையைத்தான் கொடுத்திருக்கிறேன். அதற்கு முந்தின வரியில் ஓஎஸ்.சிஸ்டம் வழியாக, ஃபோல்டர் மாற்றும் சிடி கட்டளையைக் கொடுத்தும் பார்த்தேன், பயனில்லை. நண்பர் ஒருவர், பைத்தானுக்குள்ளேயே ஃபோல்டர் மாற்றும் ஓஎஸ்.சிஎச்டிர் போடச் சொன்னார். போட்டால் வேலை செய்கிறது. அப்படியே விட்டுவிடலாமா?

வாசகர், குமுளி

அன்புள்ள தம்பி,

விட்டுவிட வேண்டாம். இன்னும் நல்ல வழி இருக்கிறது, அதுவும் ஒரே வரிதான். ஆனால் காரணம் தெரிந்துகொண்டு செய்தால் இன்னொரு இடத்தில் மாட்ட மாட்டீர்கள்.

குமுளி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு ‘அந்தப் பக்கம்’ என்றால் தமிழ்நாடு. மலை இறங்கி லோயர் கேம்ப்பில் நின்று அதையே சொன்னால் கேரளா. சொல்கிறவர் எங்கே நிற்கிறார் என்று தெரியாமல் அந்தச் சொல்லுக்குப் பொருளே கிடையாது. உங்கள் சி புரோகிராம், காய் விலைகள் இருக்கும் தன் விலை ஃபைலைப் பாதை இல்லாமல் வெறும் பெயராகக் கேட்கிறது போலிருக்கிறது. அதுவும் ‘அந்தப் பக்கம்’ மாதிரிதான். புரோகிராம் எந்த ஃபோல்டரில் கிடக்கிறது என்பதற்கும் அந்த ஃபைலை எங்கே தேடும் என்பதற்கும் சம்பந்தமில்லை. ஓடும்போது எங்கே நிற்கிறதோ அங்கேதான் தேடும். அந்த இடத்தைத்தான் வொர்க்கிங் டைரக்டரி என்கிறோம். முழுப் பாதை கொடுத்தும் சரிவராததற்கு இதுதான் காரணம்.

ஒரு புரோகிராம் இன்னொன்றைக் கிளப்பினால், கிளப்புவது தாய், கிளம்புவது பிள்ளை. நிற்கும் இடம் தாயிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது. டெர்மினலில் நீங்கள் அந்த ஃபோல்டருக்குள் போய் நின்று ஓட்டினீர்கள், பைத்தானும் அங்கே நின்றது, அது கிளப்பிய புரோகிராமும் அங்கேயே நின்றது. கிரான் உங்கள் ஹோம் ஃபோல்டரிலிருந்து கிளப்புகிறது. அப்புறம் ஓஎஸ்.சிஸ்டம் விஷயம். அது, கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் என்ற புரோகிராமைப் புதிதாகத் திறக்கிறது. அந்த ஷெல் நீங்கள் சொன்ன ஃபோல்டருக்குப் போகிறது, வரி முடிந்ததும் செத்துப்போகிறது. பிள்ளை நகர்ந்ததால் தாய் நகர்வதில்லை. பைத்தான் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

செய்ய வேண்டியது இது. புரோகிராமை சப்ப்ராசஸ்.ரன் என்று அழைக்கும் வரியில் சிடபிள்யூடி என்ற பெயரில் அந்த ஃபோல்டரின் முழு முகவரியைக் கொடுங்கள். பிள்ளை மட்டும் அங்கே போய் நிற்கும், உங்கள் ஸ்கிரிப்ட் அசையாது. ஸ்கிரிப்டும் அதே ஃபோல்டரில் இருந்தால், முகவரியைக் கையால் எழுதுவதைவிட, ஸ்கிரிப்ட் ஃபைலின் இடத்திலிருந்து கணக்கிடுவது நல்லது. இரண்டு பக்கமும் இரட்டை அடிக்கோடு போட்ட ஃபைல் என்ற மாறியை பாத்லிப்பின் பாத்துக்குக் கொடுத்து, ரிசால்வ் செய்து, பேரண்ட் எடுத்தால் ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டர் வந்துவிடும். கடையில் கம்ப்யூட்டர் மாற்றினாலும் கவலையில்லை. ஹோமைக் குறிக்கும் அலைக்கோட்டை (~) மட்டும் சிடபிள்யூடியில் அப்படியே போடாதீர்கள். அதை விரிப்பது ஷெல்லின் வேலை, இங்கே யாரும் விரிக்க மாட்டார்கள்.

ஒரு பொறி உண்டு. சிடபிள்யூடி கொடுத்த பிறகும் புரோகிராமுக்கு முழுப் பாதையே கொடுங்கள். பாதையைப் பாதியாகக் கொடுத்தால், லினக்ஸில் முதலில் அந்த ஃபோல்டருக்குப் போய்விட்டு அங்கிருந்து புரோகிராமைத் தேடும். விண்டோஸில் அப்படி இல்லை, பைத்தான் நிற்கும் இடத்திலிருந்து தேடும். ஒரே ஸ்கிரிப்ட் ஒரு மெஷினில் ஓடி இன்னொன்றில் நின்றுவிடும். ஃபைல்நாட்ஃபவுண்ட்எரர் என்று வந்தால் வரியின் கடைசியில் இருக்கும் பெயரையும் படியுங்கள். லினக்ஸில் ஃபோல்டர் இல்லாவிட்டாலும் இதே பிழைதான் வரும், பெயர்தான் வேறாக இருக்கும்.

இனி ஓஎஸ்.சிஎச்டிர். அது ஸ்கிரிப்ட் முழுவதையும் தூக்கி வேறு இடத்தில் நிறுத்துகிறது. அதற்குப் பிறகு திறக்கும் லாக் ஃபைலும் (நடந்ததைக் குறித்துவைக்கும் ஃபைல்) இடம் மாறும். ஸ்கிரிப்டில் த்ரெட்கள், அதாவது ஒரே நேரத்தில் இணையாக ஓடும் வேலைகள், இருந்தால் எல்லாவற்றுக்கும் சேர்த்து மாறும். நான் இதை அனுபவித்தவன். இரண்டு கடைகளின் கணக்கை ஒரே ஸ்கிரிப்டில் இரண்டு த்ரெட்களாக ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் தன் ஃபோல்டருக்கு மாறிவிட்டுப் புரோகிராமைக் கூப்பிடும். பல நாள் ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் முதல் த்ரெட் மாறி, கூப்பிடுவதற்குள் இரண்டாவது த்ரெட் மாறிவிட்டது. ஒரு கடையின் 8 மில்லிமீட்டர் ஏலக்காய் எடை அடுத்த கடையின் சீட்டில் ஏறியது. பிரித்தெடுக்க அரை நாள் ஆனது. சரக்கு போட்ட ஒரு விவசாயிக்கு அன்று சேர வேண்டிய பணம் மறுநாள்தான் சேர்ந்தது. அவர் அன்று மாலை இருட்டும் வரை கடை வாசலில் உட்கார்ந்திருந்ததை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. பைத்தான் 3.11-இல் கான்டெக்ஸ்ட்லிப்பில் ஒரு சிஎச்டிர் வந்திருக்கிறது. வேலை முடிந்ததும் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். ஆனால் த்ரெட் விஷயத்தில் அதுவும் இதே ஆபத்துதான்.

உங்கள் கடிதத்தில் ‘பிழைச் செய்தி எதுவும் இல்லை’ என்ற இடம்தான் எனக்குக் கவலை தருகிறது. சி மொழியில் ஃபைலை ‘ஏ பிளஸ்’ (a+) முறையில் திறந்தால், இல்லாத ஃபைலைக் காலியாகப் புதிதாக உண்டாக்கிக்கொள்ளும். உங்கள் புரோகிராம் அப்படித்தான் செய்கிறது போலிருக்கிறது. இன்றே ஹோம் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். அங்கே ஒரு காலி விலை ஃபைலும், கிரான் ஓடிய ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சீட்டும் இருக்கக்கூடும். எடை சரியாக இருக்கும், விலை பூஜ்யமாக இருக்கும். அவற்றை அழித்துவிடாதீர்கள். தேதிவாரியாக விலையைப் போட்டு, கணக்கை நேர் செய்த பிறகு ஸ்கிரிப்டைத் திருத்துங்கள். திருத்திய பின் முதல் வரியில் ஓஎஸ்.கெட்சிடபிள்யூடி தரும் இடத்தை லாக்கில் எழுத விடுங்கள். மறுநாள் காலை 6 மணிக்கு ஸ்கிரிப்ட் எங்கே நின்றது என்று அதிலேயே தெரிந்துவிடும்.