விரல் நகம் அளவு எகிப்தியக் கண்ணாடி முகங்களில் அவ்வளவு நுணுக்கத்தை எப்படி வரைந்தார்கள்?

வரையவே இல்லை, அதுதான் இதில் அழகு.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் நாடக முகமூடி முகங்கள் போன்றவற்றைத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஏறக்குறைய கி.மு. 1ஆம் நூற்றாண்டு முதல் கி.பி. 1ஆம் நூற்றாண்டு வரையிலான வேலை. பல நிறக் கண்ணாடிக் குச்சிகளைக் கட்டாக அடுக்குவார்கள். வெட்டுமுகத்தில் பார்த்தால் கண், புருவம், உதடு தெரியும். சூடாக்கி ஒட்டவைத்து, ஜவ்வு மிட்டாய் மாதிரி இழுப்பார்கள். கம்பி மெலிய மெலிய உள்ளே இருக்கும் முகமும் சிறுத்துக்கொண்டே போகும். ஆறியதும் வில்லை வில்லையாக நறுக்கினால் எல்லாவற்றிலும் அதே முகம்.

இன்னொரு தந்திரமும் உண்டு. பெரும்பாலும் பாதி முகம்தான் செய்வார்கள். ஒரே கம்பியில் வெட்டிய இரண்டு வில்லைகளில் ஒன்றைத் திருப்பிப் போட்டுப் பக்கத்தில் வைத்தால் முழு முகம் ரெடி. அடுத்த முறை பார்க்கும்போது மூக்கின் நடுவே மெல்லிய இணைப்புக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். சில முகங்கள் அச்சு அசலாக இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அப்புறம், இவற்றை மரப்பெட்டி, மரச்சாமான் போன்றவற்றில் பதித்தார்கள். மரம் உளுத்துப்போனது, கண்ணாடி தங்கிவிட்டது. கண்ணாடி பதிக்கும் வழக்கம் இதைவிட மிகப் பழசு: கி.மு. 14ஆம் நூற்றாண்டு எகிப்திய மன்னன் துட்டன்காமூனின் தங்க முகமூடியின் தலைத்துணியில் உள்ள நீலப் பட்டைகளும் கண்ணாடிதான்.